வேலூர்ச் சாலைக்கு ஒரு செயின் வீல் போதுமா?

சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி ரயில் நிலையம் வரை நாள்தோறும் சைக்கிளில் போய்வரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: தம்முடைய 21 கியர் சைக்கிளில் முன்னால் உள்ள மூன்று செயின் வீல்களில் இரண்டை நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? அப்படியானால் எத்தனை பல் உள்ளதை வைப்பது, எவற்றைப் புதிதாக வாங்குவது? முன் கியரை மாற்றும்போதெல்லாம் செயின் கழன்று உட்பக்கம் விழுந்துவிடுகிறது, அதை எடுத்து மாட்டி அலுவலகம் போய்ச் சேருவதற்குள் கையும் பேன்ட்டும் கறுத்துவிடுகின்றன என்பது அவருடைய குறை. சைக்கிளின் விவரத்தையும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். முன்னால் 48, 38, 28 பற்கள், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு பல்சக்கரங்கள் அடுக்கிய ஃப்ரீ வீல், டயர் 700-35.

செய்யலாம். உங்கள் வழிக்கு நடுவில் உள்ள 38 பல்லே போதும். ஆனால் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சோதனை செய்யுங்கள். செயினை நடுச் செயின் வீலில் போட்டுவிட்டு, முன் கியரை மாற்றும் இடக்கை ஷிஃப்டரை மறந்துவிடுங்கள். பாலாற்றுப் பாலம், விருதம்பட்டு, சித்தூர் பேருந்து நிலையம், ரயில்வே மேம்பாலம் என்று வழக்கமான வழியிலேயே போய்வாருங்கள். எங்கேனும் கை தானாக இடப்பக்கம் போனால் அந்த இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் இரண்டு மூன்று முறைக்கு மேல் கை போகவில்லை என்றால் உங்களுக்கு மற்ற இரண்டும் வேண்டாம். நாள்தோறும் போனது என்றால் உங்கள் சிக்கல் வேறு; ஒருவேளை முன் கியரின் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அதை மாற்றினாலே சரியாகிவிடும். முன் கியர் விழவில்லை என்று என்னிடம் வந்த பல சைக்கிள்களில் புதுக் கேபிளும் அதன் உறையும் போட்டதோடு வேலை முடிந்திருக்கிறது.

38 ஏன் போதும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மூன்றை ஏழால் பெருக்கி 21 என்பது அட்டைப்பெட்டியில் அச்சிடும் கணக்கு. பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் நம் காலுக்குத் தெரியும் கணக்கு. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் அது கிடைக்கும். முன்னால் 48, பின்னால் 24 என்றால் விடை 2. முன்னால் 28, பின்னால் 14 என்றாலும் விடை அதே 2. முன்னால் 48, பின்னால் 28, சுருக்கமாக 48-28 என்பது 1.71, 38-22 என்பது 1.73, 28-16 என்பது 1.75, இந்த மூன்றையும் கண்ணைக் கட்டிக்கொண்டு மிதித்தால் எவராலும் வேறுபடுத்திச் சொல்ல முடியாது. இப்படி ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவற்றை ஒன்றாக எண்ணினால் 21இல் 13தான் தேறும். அந்தப் பதின்மூன்றில் ஏழு, 38 பல் செயின் வீல் ஒன்றிலேயே கிடைத்துவிடுகின்றன. இழப்பவை ஆறு: மேட்டுக்கான மிக இலகுவானவை மூன்று, வேகத்துக்கான மிகக் கடினமானவை இரண்டு, இடையில் அந்த 2 என்ற ஒன்று. இடையில் போவதை யாரும் பொருட்படுத்தப் போவதில்லை. ஆகவே கேள்வி இரு முனைகளைப் பற்றியது மட்டுமே.

மேல் முனையை முதலில் பார்ப்போம். 700-35 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.17 மீட்டர். 38-14இல் பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 5.9 மீட்டர் நகரும்; நிமிடத்துக்கு 80 சுற்று என்ற இயல்பான மிதியில் மணிக்கு 28 கிலோமீட்டர் வேகம். 48-14இல் அதே மிதிக்கு 35 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஷேர் ஆட்டோவும் நகரப் பேருந்தும் நினைத்த இடத்தில் ஓரங்கட்டும் காட்பாடிச் சாலையில் 35 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுபவரை நான் கண்டதில்லை, காண விரும்பவும் இல்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் விடிகாலையில் வாலாஜா வரை ஒரே மூச்சில் போய்வரும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மட்டும் இந்த இழப்பு உறைக்கும்.

கீழ் முனைதான் யோசிக்க வேண்டியது. 38-28இல் பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 2.94 மீட்டர் நகர்கிறது. மேம்பாலத்தில் மூச்சு வாங்க, நிமிடத்துக்கு 50 சுற்று என்று மெதுவாக மிதித்தாலும் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம் வரும். சைக்கிள் தள்ளாடாமல் நிமிர்ந்து போகும். நம் ஊரைச் சுற்றிலும் மலை நின்றாலும், ஊர் கிடப்பது பாலாற்றங்கரைச் சமவெளியில். சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் நடுவில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது மேம்பாலம் மட்டுமே. ஆடி மாதத்தில் பாலாற்றுப் பாலத்தின் மேல் மேற்கிலிருந்து பக்கவாட்டில் அடிக்கும் காற்றையும் ஒரு மேடாகக் கணக்கில் கொள்ளலாம். தனியாள், முதுகில் ஒரு பை என்றால் பின்னால் 28 பல் தாராளம். கேரியரில் பள்ளிக்கூடப் பிள்ளையும் அதன் புத்தக மூட்டையும் ஏறுமென்றால், அல்லது முழங்கால் வலி உள்ளவர் என்றால், பின்னால் 14-34 ஃப்ரீ வீலுக்கு மாறுவது நல்லது. அதில் முதல் ஆறு சக்கரங்களும் இப்போது இருப்பவையே. கடைசியில் மட்டும் 24இலிருந்து ஒரே தாவலாக 34. படியில் இறங்கி வருகிறவர் கடைசிப் படியைக் காணாமல் தரையில் கால் வைத்ததுபோல அந்தத் தாவல் முதலில் ஒரு மாதிரியாக இருக்கும். மேம்பாலத்துக்கு மட்டும் பயன்படுத்துவது என்பதால் நாளடைவில் பழகிவிடும். வாங்கும் முன், செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் தள்ளும் உங்கள் பின் டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்பதை அதன் பின்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைக் கொண்டு கடையில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இணையத்தில் எட்டு, ஒன்பது சக்கர ஃப்ரீ வீல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் பக்கம் போக வேண்டாம். திருகி மாட்டும் ஃப்ரீ வீலில், அச்சின் வலப்பக்கப் பேரிங் சக்கரக் கொத்துக்கு உட்பக்கமாகத் தள்ளி நிற்கிறது. சக்கரங்கள் கூடக்கூட, தாங்கலின்றி வெளியே நீண்டிருக்கும் அச்சின் நீளமும் கூடும். நம் சாலைப் பள்ளங்களில் பின்பாரத்தோடு இறங்கினால் அச்சு வளையும், பிறகு முறியும். ஏழோடு நிறுத்திக்கொள்வதே அந்த வகை ஹப்புக்கு மரியாதை.

இனி, செயின் நேர்கோடு. இந்த மாற்றம் வெற்றி பெறுவதும் தோற்பதும் இதில்தான். ஒற்றைச் செயின் வீல், பின்னால் உள்ள ஏழில் நான்காவது சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். ஏழு சக்கர ஃப்ரீ வீலில் அடுத்தடுத்த சக்கரங்களுக்கு இடையே 5 மில்லிமீட்டர். நான்காவதுக்கு நேராக இருந்தால் இரு கடைசிகளுக்கும் செயின் 15 மில்லிமீட்டர்தான் சாய வேண்டியிருக்கும். சட்டத்தின் பின் நீளத்துக்கு அது இரண்டு பாகைச் சாய்வு, செயின் அதைப் பொறுத்துக்கொள்ளும். செயின் வீல் 5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றாலோ, சாய்வுக் கணக்கில் பின்னால் ஒரு சக்கரத்தைக் கூட்டிவிட்டதற்குச் சமம். பின்னால் 28இல் போடும்போது செயின் கரகரக்கும். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றினால் தானாக அடுத்த சக்கரத்தில் இறங்கும். மூன்று செயின் வீல் கிராங்க்கில், அதாவது பெடலைத் தாங்கும் கையில், நடுவில் உள்ளது ஏறத்தாழச் சரியான கோட்டிலேயே நிற்கும்படி தொழிற்சாலையில் அமைத்திருப்பார்கள். அதனால்தான் 48ஐ வைத்துக்கொள்ளச் சொல்லாமல் நடுவிலுள்ளதை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அளந்து பார்ப்பதும் எளிது. சீட்டுக் குழாயின் விட்டத்தில் பாதியை எடுங்கள், 28.6 மில்லிமீட்டர் குழாய் என்றால் 14.3. குழாயின் வலப்பக்கத்திலிருந்து செயின் வீல் பல்லின் நடு வரை உள்ள தூரத்தை அதோடு கூட்டுங்கள். அது முன் அளவு. பின்னால், பின்சக்கர அச்சு உட்காரும், சட்டத்தின் இரு கவைகளுக்கும் இடையே உள்ள உள்ளகலத்தில் பாதியை எடுத்து, வலப்பக்கக் கவையின் உள்முகத்திலிருந்து நான்காவது சக்கரம் வரை உள்ள தூரத்தைக் கழியுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு 2, 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலை வேண்டாம்.

வேலையை எப்படிச் செய்வது என்பது உங்கள் கிராங்க்கைப் பொறுத்தது. குனிந்து பாருங்கள். மூன்று செயின் வீல்களையும் கிராங்க்கோடு பிணைப்பவை ஆலன் சாவி போகும் போல்ட்டுகளா, அடித்து நசுக்கிய ரிவிட்டுகளா? இந்த விலையில் விற்கும் சைக்கிள்களில் பெரும்பாலும் ரிவிட்டுதான். ரிவிட்டு என்றால் தனியாகக் கழற்ற முடியாது. அரத்தால் ராவி எடுத்துவிடலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ரிவிட்டுக் கிராங்க் உள்ளவருக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. முதலில் அதையே முயலுங்கள். இடக்கை ஷிஃப்டரையும் கேபிளையும் மட்டும் கழற்றிவிட்டு, முன் டீரெய்லரைச் சட்டத்திலேயே விட்டுவையுங்கள். கேபிள் இல்லாதபோது அதன் ஸ்பிரிங், செயின் நுழைந்து போகும் கூண்டை உட்பக்கம், அதாவது 28 பக்கம் இழுத்துவிடும். அதன் மேல் இரண்டு சிறு திருகுகள் இருக்கும். எல் என்று குறித்திருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் கூண்டு வெளியே நகர்ந்து 38க்கு நேர் மேலே வந்து நிற்கும். திருகின் நீளம் போதாவிட்டால், பழைய கேபிளில் ஒரு சாண் வெட்டி, டீரெய்லரிலிருந்து சட்டத்தின் கேபிள் நிறுத்தி வரை இறுக்கமாகக் கட்டிவிடுங்கள். இப்போது கூண்டின் வேலை கியர் மாற்றுவதன்று. செயினுக்கு இருபக்கமும் சுவராக நிற்பது. ஏழாவது சக்கரத்திலும் முதல் சக்கரத்திலும் போட்டுச் சுற்றி, கூண்டில் உரசாமல் சரிசெய்துகொண்டால் போதும். பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் கல் பெயர்ந்த சாலையில் செயின் எம்பிக் குதித்தாலும் 28இல் போய் விழாது.

இந்தச் சுவர் ஏன் வேண்டும் என்றால், மூன்றடுக்குக் கிராங்க்கின் நடுச் செயின் வீல் செயினைப் பிடித்து வைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று, விடுவிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் பற்களை விரலால் தடவிப் பார்த்தால் சில குட்டையாக, சில ஒருபக்கம் சீவியதுபோல இருப்பது தெரியும். செயின் எளிதாக ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வெட்டுகிறார்கள். பால் கேன் கட்டிய பழைய பெரிய சைக்கிள்களில் முன்னால் ஒரே செயின் வீல்தானே இருந்தது, அதில் செயின் கழலவில்லையே என்று கேட்கலாம். அங்கே பின்னாலும் ஒன்றே. செயின் நேராக ஓடும், ஊசலாட இடமில்லாமல் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்கியிருப்பார்கள், பற்களும் முழு உயரத்தில் இருக்கும். இங்கே பின் டீரெய்லரின் ஸ்பிரிங் ஒன்றுதான் செயினை விறைப்பாக வைத்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது அது ஒரு நொடி தளரும்.

போல்ட்டு உள்ள கிராங்க் என்றால், அல்லது புதிதாக ஒற்றைக் கிராங்க் வாங்குவதென்றால், ஒரு பல் தடித்தும் அடுத்த பல் மெலிந்தும் மாறி மாறி வரும் செயின் வீலைப் போடலாம். செயினின் கண்ணிகளும் அகலம், குறுகல் என்று மாறி மாறித்தானே வருகின்றன. தடித்த பல் அகலக் கண்ணியை அடைத்துக்கொண்டு நிற்பதால் செயின் பக்கவாட்டில் நழுவாது. மலைச் சைக்கிள்களுக்காக ஸ்ராம் நிறுவனம் 2012இல் கொண்டுவந்த எக்ஸ்எக்ஸ்1 தொகுதியோடு இது பரவலாயிற்று. பல் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. உங்கள் ஏழு கியர்ச் செயினின் உள்ளகலம் ஒன்பது, பத்து கியர்ச் செயினைவிடச் சற்றே கூடுதல் என்பதால் பிடிப்பு ஓர் இழை குறையும். அலுவலகம் போய்வர அது போதும். 48ஐ எடுத்த இடத்தில் பல்லில்லாத காப்புத் தட்டு ஒன்றைப் போட்டால் பேன்ட்டும் வேட்டியும் சேலையும் தப்பும், பழைய போல்ட்டின் நீளமும் சரியாக இருக்கும். தட்டு போடாவிட்டால் ஒற்றைச் செயின் வீலுக்கான குட்டைப் போல்ட்டு வாங்க வேண்டும். நீளப் போல்ட்டு இறுகியதுபோல் காட்டும், செயின் வீல் ஆடிக்கொண்டிருக்கும்.

கிராங்க்கைக் கழற்றுவதற்கென்று புல்லர் என்ற சிறு கருவி உண்டு. அது இல்லாத கடையில் வேலையை ஒப்படைக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் சைக்கிளை ஒரு கடையில் விட்டுவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பி வந்தபோது, பழைய சைக்கிள்களில் கிராங்க்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னை அடித்து இறக்கிப் பழகிய ஒருவர் சதுர முனைக் கிராங்க்கையும் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். கிராங்க் கழன்றுதான் வந்தது. கூடவே பேரிங் கிண்ணத்தில் குழி விழுந்து, கிராங்க்கின் மரையும் நசுங்கி, இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. அவர் மேல் தவறென்று சொல்லமாட்டேன். பழைய சைக்கிளில் அது சரியான முறை. கருவி இருக்கிறதா என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

மரைகளின் திசையும் ஏமாற்றும். இடப்பக்கப் பெடல் தலைகீழ் மரை. கிராங்க்கின் அச்சு சுழலும் அடிப்பேரிங்கின் வலப்பக்கக் கிண்ணமும் தலைகீழ் மரை. இந்தக் கிண்ணத்தின் மரை அளவை உலகெங்கும் பி.எஸ்.ஏ. மரை என்றே சொல்கிறார்கள். அம்பத்தூரில் செய்த பி.எஸ்.ஏ. சைக்கிளில் பள்ளிக்கூடம் போன நமக்கு அது நம் ஊர்ப் பெயராகத் தோன்றும். உண்மையில் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற இங்கிலாந்துத் துப்பாக்கித் தொழிற்சாலையின் சுருக்கம் அது.

ஃப்ரீ வீலோ, மிதிக்க மிதிக்க இறுகும் தன்மை உடையது. ஐந்தாறு ஆண்டு ஓடியதைக் கைச் சாவியால் திருப்ப முடியாது. அதற்கான பல்லுள்ள கழற்றியை லேத் பட்டறை வைஸில் கவ்வ வைத்து, சக்கரத்தையே அதன் மேல் கவிழ்த்து, ரிம்மை இரு கைகளாலும் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்பினால் பொட்டென்று விட்டுக்கொடுக்கும். புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம்.

செயினை அளந்து பாருங்கள். அரை அங்குலக் கண்ணிகள் 24 சேர்ந்தால் ஓர் அடி. இரும்பு அடிக்கோலை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் 24ஆவது கண்ணியின் பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் ஃப்ரீ வீலும் தேய்ந்திருக்கும், அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுச் செயினைத் தேய்ந்த பழைய ஃப்ரீ வீலில் போட்டு, மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது அது பல்லைத் தாண்டினால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். மணல் லாரி போகும் வழியில் ஓட்டுபவர் வாரம் ஒருமுறை செயினைத் துணியால் துடைத்து, துளித்துளியாக எண்ணெய் விட்டு, மேலே படிந்ததையும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வழிய வழிய விட்டால் புழுதி ஒட்டி, செயினுக்குள்ளேயே உப்புத்தாள் ஓடுவதுபோல ஆகிவிடும்.

செயினைச் சுருக்கவும் வேண்டும். இப்போதைய நீளம் 48-28 என்ற பெரிய இணைக்காக வெட்டியது. முன்னால் பத்துப் பல் குறைந்தால் இரண்டரை அங்குலம் மிச்சம். செயினை முழு அங்குலமாகத்தான் வெட்ட முடியும் என்பதால் இரண்டு அங்குலம், அதாவது நான்கு கண்ணிகள், எடுத்துவிடுங்கள். 34 பல் ஃப்ரீ வீல் போடுபவருக்கு ஓர் அங்குலம் எடுத்தால் போதும். சுருக்காமல் விட்டால் 14இல் ஓடும்போது செயின் தொய்ந்து சட்டத்தைத் தட்டும். பலரும் இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு, ஒற்றைச் செயின் வீலில் செயின் நிற்பதில்லை என்று குறை சொல்கிறார்கள்.

ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே சைக்கிளில் ஏறுபவர், ஜவ்வாது மலைப் பக்கம் மூட்டை முடிச்சோடு போகிறவர், 28 செயின் வீலை இழக்கக் கூடாது. 28-28 என்ற ஒன்றுக்கொன்று விகிதத்தின் அருமை ஐந்தாவது வளைவில் தெரியும். 14-34 போட்டாலும் 38-34 என்பது 1.12; அருகில் வருமே தவிர அதற்கு ஈடாகாது. அப்படிப்பட்டவர் முன் டீரெய்லரை ஒழுங்காகச் சரிசெய்துகொண்டு மூன்றையும் வைத்துக்கொள்வதே மேல்.

எடை குறையும் என்பதற்காக இதைச் செய்ய வேண்டாம். கழற்றியவை எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவை ஒட்டி இருக்கும், அது ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்குள் அடங்கிவிடும். கழற்றிய ஷிஃப்டரையும் டீரெய்லரையும் எடைக்குப் போடாமல் ஒரு டப்பாவில் வைத்திருங்கள். சைக்கிளை விற்கும்போது வாங்குபவர் 21 கியர் எங்கே என்று கேட்பார். ஹேண்டில்பாரின் இடப்பக்கம் ஷிஃப்டர் இருந்த இடம் காலியாகும். மணியை அங்கே, கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில் நகர்த்தி வையுங்கள். சித்தூர் பேருந்து நிலையத்தைத் தாண்டுவதற்குள் முன் கியரைவிட அது உங்களுக்குப் பல மடங்கு பயன்படும்.